இறக்கத்தில் பார்க்க வேண்டிய கார்

மஹகஸ்தோட்ட மலையேற்றப் பந்தயம் 1934இல் தொடங்கியது. நுவரெலியா நகரத்தை ஒட்டிய தேயிலைத் தோட்டத்துப் பாதையில் கார்களை ஒவ்வொன்றாக விட்டு, கீழிருந்து மேலே யார் குறைந்த நேரத்தில் ஏறுகிறார் என்று பார்ப்பார்கள். ஆரம்பத்தில் அது துரைமாரின் விளையாட்டு. எங்கள் தாத்தாமார் தேயிலைச் சரிவில் நின்று பார்த்தார்கள். இப்போது அந்தப் பந்தயத்துக்கும் ரதெல்ல மலையேற்றப் பந்தயத்துக்கும் எங்கள் வலப்பனைப் பக்கத்திலிருந்து வேன் பிடித்துக்கொண்டு போகிறார்கள்.

அங்கே ஏறுகிற கார்களை உற்றுப் பார்த்தால் ஒன்று விளங்கும். பெரும்பாலானவை பழைய ஜப்பான் கார்கள். ஹொண்டா சிவிக், மிட்சுபிஷி லான்சர், டொயோட்டா ஸ்டார்லட் என்று வீதியில் நாம் தினமும் பார்த்தவைதான். பழைய ஃபோர்ட் லேசர், மாஸ்டா 1300க்கு ஒரு பிரிவு, நிசான் மார்ச்சுக்கு ஒரு பிரிவு என்றெல்லாம் நம் நாட்டுப் பந்தயங்களில் வைத்திருக்கிறார்கள். யாரோ ஒருவர் அலுவலகத்துக்குப் போய் வந்த கார், பத்துப் பதினைந்து வருடம் கழித்து வேறொருவர் கையில் பந்தயக் காராகிறது. அதைப் பார்த்துவிட்டு வருகிற பையன்களுக்கும் ஆசை வருகிறது. அது நல்ல ஆசைதான். எனக்கும் அப்படித்தான் வந்தது.

நான் வலப்பனையில் சின்னதாக ஒரு கராஜ் வைத்திருக்கிறேன். அப்பா தோட்டத்து லொறி ஓட்டினார். கொழுந்து லொறியின் அடியில் படுத்து நட்டு கழற்றித்தான் நான் தொழில் பழகினேன். சொந்தமாக ஒரு ஹொண்டா சிவிக் வைத்திருக்கிறேன், 1998ஆம் வருடத்து ஈ.கே. 4. பி16ஏ என்ற 1,600 சிசி எஞ்சின், ஜப்பான் கணக்கில் 170 குதிரைவலு. ஐயாயிரத்து ஐந்நூறு சுற்றைத் தாண்டும்போது வால்வைத் திறக்கும் கேம் மாறி அதன் சத்தமே வேறாகிவிடும். அந்தச் சத்தத்துக்காகவே அதை விற்க மனம் வரவில்லை.

கராஜுக்கு வருகிற பையன்கள் முதலில் கேட்பது, “அண்ணே, இது எவ்வளவு ஸ்பீடு போகும்?” என்றுதான். கந்தப்பளை, இராகலை, ஹரஸ்பெத்த என்று வலப்பனைக்கு இறங்கி வந்தவர்களுக்குத் தெரியும், இராகலையில் போட்ட ஸ்வெட்டரை வலப்பனையில் கழற்றி வைக்க வேண்டியிருக்கும். அவ்வளவு இறக்கம். வளைவுக்குப் பின் வளைவு. எதிரே பஸ் வந்தால் யாராவது ஒருவர் பின்னால் எடுத்தே ஆகவேண்டிய இடங்கள் உண்டு. இந்தப் பாதையில் ஒரு காரின் உச்ச வேகத்தைப் பார்க்க இடமே கிடையாது. ஏற்றத்தில் எல்லாக் காரும் சத்தம் போட்டு ஏறிவிடும். அதன் உள்ளே இருப்பதை இறக்கம்தான் சொல்லும். வேகக் கார் வாங்க வருகிற எல்லோரிடமும் நான் சொல்லிக்கொண்டிருப்பது இதைத்தான்.

குதிரைவலு என்ற கணக்கையே முதலில் மலைநாட்டுக்கு ஏற்ப மாற்றிப் போட வேண்டும். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கொழும்பில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். குளிர்ந்த காற்று சற்று அடர்த்தியாக இருப்பதால் கொஞ்சம் ஈடாகும். ஆனாலும் எஞ்சின் இழுக்கும் காற்றில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைந்துவிடும். காற்று குறைந்தால் அதனோடு எரிகிற பெட்ரோலும் குறையும், வலுவும் குறையும். என் சிவிக்கின் 170 குதிரைவலு நுவரெலியாவில் 140, 145 அளவுக்கு வந்துவிடுகிறது. கொழும்பில் ஓட்டிப் பார்த்து மயங்கி வாங்கிய கார் இங்கே சோம்பலாகத் தெரிந்தால் எஞ்சினில் குறை என்று உடனே முடிவு கட்ட வேண்டியதில்லை.

டர்போ கார்களின் கதை வேறு. வெளியே போகும் புகையின் விசையில் சுழலும் காற்றாடி ஒன்று காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளுகிறது. வெளிக்காற்று மெலிந்தாலும் அது கொஞ்சம் கூடுதலாகச் சுழன்று பெரும்பகுதியை ஈடுகட்டிவிடும். லான்சர் எவலூஷனுக்கும் சுபாரு டபிள்யூ.ஆர்.எக்ஸுக்கும் மலைநாட்டில் இவ்வளவு மதிப்பு இருப்பதற்கு நான்கு சக்கர இழுவையோடு இதுவும் ஒரு காரணம்.

என் அக்கா மகன் கத்தாரிலிருந்து வந்தபோது மனதில் வைத்திருந்ததும் லான்சர்தான்.

“மாமா, கண்டியில ஒரு ஈவோ ஃபோர் கெடக்குது. வந்து பாக்குறீங்களா?”

“பாப்போம். ஆனா ராத்திரி வேணாம், மழையிலயும் வேணாம்.”

“ஏன் மாமா?”

“நனைஞ்ச பெயின்ட்ல டிங்கரிங் வேலை தெரியாது. காலையில அவங்க எஞ்சின ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னுக்கு நாம அங்க நிக்கணும்.”

ஈவோ 4 வெளிவந்தது 1996இல். இரண்டு லீற்றர் 4ஜி63 டர்போ எஞ்சின், 280 குதிரைவலு. அந்தக் காலத்து ஜப்பான் கம்பனிகள் எல்லாம் அந்த எண்ணுக்கு மேல் விளம்பரம் செய்வதில்லை என்று தங்களுக்குள் பேசி வைத்திருந்தன. பின்லாந்துக்காரர் டொமி மாக்கினென் 1996 முதல் 1999 வரை தொடர்ந்து நான்கு முறை உலக ராலிச் சம்பியனானது லான்சரில்தான். இதையெல்லாம் அறிந்த எந்தப் பையனுக்கும் அந்தக் காரின் முன் நிற்கும்போது நெஞ்சு அடித்துக்கொள்ளும். விற்பவருக்கும் அது தெரியும்.

நாங்கள் போனபோது பானெட் சூடாக இருந்தது. யாரோ விடியற்காலையிலேயே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள். ஆறின எஞ்சின் எப்படி ஸ்டார்ட் ஆகிறது, முதல் புகை என்ன நிறம், வால்வு தட்டும் சத்தம் எத்தனை நொடியில் அடங்குகிறது என்பதெல்லாம் சூட்டில் மறைந்துவிடும். ஆறும்வரை காத்திருந்தோம். அதற்குள் நான் காரின் அடியில் படுத்துப் பார்த்தேன்.

4ஜி63 எஞ்சினில் இரண்டு பெல்ட் உண்டு. ஒன்று டைமிங் பெல்ட். மற்றது அதிர்வைக் குறைக்கும் பேலன்ஸ் ஷாஃப்டைச் சுற்றும் சின்ன பெல்ட். அந்தச் சின்னது அறுந்து பெரியதில் சிக்கினால் வால்வும் பிஸ்டனும் மோதி எஞ்சினே போய்விடும். எப்போது மாற்றினீர்கள் என்று கேட்டால் எல்லோரும் “இப்பதான்” என்பார்கள். எனக்கு பில் வேண்டும். பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே கணக்கு வைத்து, அந்தச் செலவை விலையில் குறைத்துக் கேட்க வேண்டும். பின்சக்கரங்களுக்கு வலுவைப் பகிர்ந்து கொடுக்கும் ஏ.வை.சி. பம்ப் இன்னொரு பெருஞ்செலவு. வயதானால் அது போகும், போனால் டாஷ்போர்டில் விளக்கு எரியும். சாவி திருப்பியவுடன் எல்லா விளக்கும் எரிந்து அணைகிறதா என்று பார்ப்பது அதனால்தான். எரியவே எரியாத விளக்கு என்றால் பல்பைக் கழற்றியிருக்கிறார்கள்.

பிறகு கம்ப்ரஷன் பார்த்தோம். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அந்த ஓட்டையில் மீட்டரைப் பொருத்தி எஞ்சினைச் சுற்றவிட்டால் ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு அழுத்தம் பிடிக்கிறது என்று தெரியும். நான்கும் ஒன்றுக்கொன்று பத்து சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். மூன்று நன்றாக இருந்தன. நான்காவது இறங்கிப் போயிருந்தது. “அது ஒண்ணுதானே மாமா” என்றான் மருமகன். அந்த ஒன்றுக்காக எஞ்சின் முழுவதையும் இறக்க வேண்டும். அவனுடைய அம்மா நாளெல்லாம் கொழுந்து பறித்த தோட்டத்தில் நாட்சம்பளம் 1,000 ரூபாயானது 2021இல்தான். கத்தாரில் அவன் வெயிலில் நின்று சேர்த்த காசு. அதை அந்த சிலிண்டருக்குள் கொட்ட நான் விடமாட்டேன். விற்பவருக்கு நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டோம்.

டர்போ காருக்கு இன்னொரு செலவும் இருக்கிறது. அந்த எஞ்சின்களை ஜப்பானில் கிடைக்கும் 100 ஒக்டேன் அளவு பெட்ரோலை மனதில் வைத்துச் செய்தார்கள். நம் நாட்டில் பெரும்பாலும் கிடைப்பது 92, 95. குறைந்த ஒக்டேன் பெட்ரோல் டர்போவின் அழுத்தத்தில் நேரம் தவறி வெடிக்கும். தகரத்தில் கல் விழுவதுபோல் ஒரு சத்தம் கேட்கும், பிஸ்டன் உடையும். அதனால் 95க்குக் கீழே போகக்கூடாது, யாராவது டர்போ அழுத்தத்தைக் கூட்டி வைத்திருந்தால் அதை முதலில் குறைக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் 95 வேண்டுமென்றால் நுவரெலியாவில் நிரப்பிக்கொண்டு இறங்குவதே வழக்கம்.

இப்போது இறக்கத்துக்கு வருகிறேன். காரை வாங்குவதற்கு முன் நீண்ட இறக்கம் ஒன்றில் ஓட்டிப் பார்க்க விற்பவரிடம் கேளுங்கள். மறுத்தால் அதுவே பதில். இரண்டாவது, மூன்றாவது கியரில் எக்ஸலேட்டரை விட்டுவிட்டு இறங்க வேண்டும். அப்போது எஞ்சினின் காற்றுவழி மூடி, உள்ளே உறிஞ்சும் விசை அதிகமாகும். வால்வு சீல் தேய்ந்திருந்தால் அந்த விசை எண்ணெயை உள்ளே இழுத்துவிடும். கீழே வந்ததும் எக்ஸலேட்டரை மிதித்தால் பின்னால் நீலப் புகை வரும். பின்னால் இன்னொரு வண்டியில் ஒருவரை வரச் சொல்லி அதைக் கவனிக்க வைக்க வேண்டும். சமதரையில் ஒரு வட்டம் அடித்துக் காட்டினால் இந்தப் புகை தெரியவே தெரியாது. வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் அது வேறு நோய்: தண்ணீர் எஞ்சினுக்குள் போகிறது, ஹெட் காஸ்கெட் பார்க்க வேண்டும்.

கியர் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வருகிறதா என்பதும் அதே இறக்கத்தில்தான் தெரியும். ஏற்றத்தில் கியர் பிடித்து நிற்கும், எதிர்ப்பக்கம் விசை வரும்போது தேய்ந்த கியர்பெட்டி தள்ளிவிடும்.

பிரேக்கைப் பற்றிச் சொல்லும்போது எனக்குக் கோபமே வருகிறது. சைலன்சருக்கும் ரிம்முக்கும் பணம் கொட்டுகிறவர்கள் பிரேக் எண்ணெயை வருடக்கணக்கில் மாற்றுவதில்லை. அந்த எண்ணெய் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். டொட் 4 தர எண்ணெய் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை செல்சியஸ்வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பின் அந்த அளவு 155 வரை இறங்கிவிடலாம். எங்கள் மலையில் மழையும் மூடுபனியும் எத்தனை மாதம் என்று எல்லோருக்கும் தெரியும். வளைவுக்கு வளைவு பிரேக்கை மிதித்து இறங்கும்போது எண்ணெய் கொதித்து ஆவியானால் பெடல் தரைவரை போகும், கார் நிற்காது. பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் இறக்குகிற பழக்கம் இன்னும் இருக்கிறது. இஞ்செக்ஷன் எஞ்சினில் கியரில் வைத்து எக்ஸலேட்டரை விட்டால் பெட்ரோல் முழுவதுமாக நின்றுவிடும். நியூட்ரலில்தான் எஞ்சின் அணையாமல் இருக்க பெட்ரோல் செலவாகும். ஆகவே கியரில் இறங்குவதுதான் சிக்கனம், அதுதான் உயிருக்கும் பாதுகாப்பு.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019ஆம் வருடத்தின் 23ஆவது வாரம் செய்தது. பூ நன்றாகத் தெரிகிறது என்று வியாபாரி காட்டினாலும் வருடத்தைப் பாருங்கள். காய்ந்து இறுகிய பழைய டயர் ஈரத் தார் வீதியில் வழுக்கும்.

இனி புத்தகம். சீ.ஆர். என்கிற வாகனப் பதிவுப் புத்தகத்தில் இருக்கிற சேசிஸ் நம்பரையும் எஞ்சின் நம்பரையும் காரில் இருப்பதோடு கையால் தடவிப் பார்த்து ஒப்பிட வேண்டும். வேகக் கார்களில் இது மிக முக்கியம், ஏனென்றால் இவற்றில் எஞ்சின் மாற்றாத கார் குறைவு. கொழும்பு பஞ்சிகாவத்தைக்குப் போனால் ஜப்பானிலிருந்து பாதியாக வெட்டி வந்த முன்பக்கங்கள், நாம் ஹாஃப் கட் என்று சொல்பவை, வாங்கலாம். ஈ.கே. 3 சிவிக் நம் நாட்டில் நிறைய. அதில் இருப்பது 1,500 சிசி எஞ்சின், 130 குதிரைவலு. அதைக் கழற்றிவிட்டு பி16 போடுவார்கள். வேலை சுத்தமாகச் செய்திருந்தால் அது நல்ல கார்தான். ஆனால் மாற்றிய எஞ்சினை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிந்திருக்க வேண்டும். பதியாத எஞ்சினோடு விபத்தில் மாட்டினால் காப்புறுதிக் கம்பனியோடும் பொலிஸோடும் நீங்கள்தான் நிற்க வேண்டும்.

சிலர் மூன்று கதவு சிவிக்குக்குச் சிவப்பு எழுத்து ஒட்டி டைப் ஆர் என்று விலை சொல்வார்கள். உண்மையான ஈ.கே. 9 டைப் ஆர் 1997இல் வந்தது. பி16பி எஞ்சின், 185 குதிரைவலு. சக்கரத்தில் ஐந்து நட்டு இருக்கும். அந்தக் காலத்து மற்ற சிவிக்குகளில் நான்குதான். கார் பக்கம் போய் நின்றதும் முதலில் நட்டை எண்ணுங்கள். அதற்குப் பிறகு சேசிஸ் நம்பர் ஈ.கே. 9 என்று தொடங்குகிறதா என்று பாருங்கள். ஐந்து நட்டு அச்சையும் வாங்கிப் போட முடியும், நம்பரை நேர்மையாக மாற்ற முடியாது.

புத்தகத்தில் லீசிங் கம்பனியின் பெயர் முழு உரிமையாளராக இருந்தால் கடன் முடிந்ததற்கான கடிதம் கைக்கு வரும்வரை முற்பணம்கூடக் கொடுக்காதீர்கள். ஓபன் பேப்பர் என்று கையெழுத்து மட்டும் வைத்த படிவங்களோடு நாலைந்து கை மாறிய கார்கள் இருக்கின்றன. புத்தகத்திலிருக்கும் ஆளைக் கண்ணால் பார்க்காமல் வாங்கினால் பிறகு அவரைத் தேடி எந்த ஊருக்குப் போவீர்கள்?

விலையைப் பற்றிப் பேசுகிறவர்கள் 2020ஐ மறக்கக்கூடாது. அந்த வருடம் மார்ச் மாதம் வாகன இறக்குமதி நின்றது. 2022இல் டொலர் இருநூறு ரூபாயிலிருந்து முந்நூற்று அறுபதுக்கு ஓடியது. தனியார் கார்களுக்கு மறுபடி கதவு திறந்தது 2025 பெப்ரவரியில். அந்த ஐந்து வருடத்தில் உள்ளே இருந்த கார்கள்தான் கை மாறிக் கை மாறி ஓடின, பழைய கார் வாங்கிய விலையைவிடக் கூட விற்றது. கதவு திறந்த பிறகும் சில வருடத்துக்கு மேல் பழைய காரைக் கொண்டுவர விடுவதில்லை. ஆகவே தொண்ணூறுகளின் சிவிக்கோ லான்சரோ இனி வரப்போவதில்லை. நாட்டில் இருப்பதுதான் இருப்பு, ஒவ்வொரு விபத்திலும் அது குறைகிறது. இந்தக் கார்களை வெட்டிச் சிதைக்காமல் வைத்திருக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாக நினைப்பதற்கு அதுதான் காரணம்.

புதிதாக வந்தவற்றில் 1,000 சிசி டர்போ சிவிக்கைப் பலரும் விரும்புகிறார்கள். எஞ்சின் அளவைப் பார்த்து வரி போடுகிற நாட்டில் அந்த அளவுக்கு 129 குதிரைவலு என்பது பெரிய விஷயம். டர்போ என்பதால் மலையிலும் சோர்வதில்லை. அகலமான, தாழ்வான கார் என்பதுதான் எனக்குத் தயக்கம். 2007 ஜனவரி மண்சரிவில் வலப்பனைப் பகுதி பட்ட பாட்டை நேரில் கண்டவன் நான். இங்கே ஒவ்வொரு மழைக்கும் பாதையின் ஓரம் இறங்கும், கல் உருண்டு கிடக்கும். தாழ்வான காரின் எண்ணெய்ச் சட்டி அடிபட ஒரு கல் போதும். அதற்காகவே யார் வந்து ஸ்பிரிங்கை வெட்டித் தாழ்த்தித் தரச் சொன்னாலும் நான் செய்வதில்லை.

மருமகன் கடைசியில் வாங்கியது சுசுக்கி சுவிஃப்ட் ஸ்போர்ட், 2005இல் அறிமுகமான இசட்.சி. 31 வகை. 1,600 சிசி, 125 குதிரைவலு, எடை ஏறத்தாழ 1,060 கிலோ, கையால் மாற்றும் ஐந்து கியர். டைமிங் பெல்ட்டுக்குப் பதிலாகச் சங்கிலி. குதிரைவலுவில் ஈவோவின் பாதிகூட இல்லை. ஆனால் குட்டையான, இறுக்கமான கார். எங்கள் வளைவுகளில் ஸ்டீயரிங்கைத் திருப்பிய இடத்துக்கு மூக்கு வந்து நிற்கிறது. பஸ்ஸுக்கு ஒதுங்கவும் இடம் விடுகிறது. பாகங்கள் கிடைக்கின்றன, அவன் கைக்கு அடங்குகிற விலையில் கிடைக்கின்றன. இராகலையிலிருந்து இறக்கிப் பார்த்தோம், பின்னால் நான் சிவிக்கில் வந்தேன். புகை இல்லை.

வாங்கிய வாரமே எல்லா எண்ணெயும் மாற்றினோம்: எஞ்சின், கியர், பிரேக். ரேடியேட்டர் மூடியையும் புதிதாகப் போட்டேன். உயரத்தில் தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும், நுவரெலியாவில் 94 பாகை அளவிலேயே. அந்த மூடி பிடித்து வைக்கிற அழுத்தம்தான் அதைக் கொதிக்கவிடாமல் காக்கிறது. விலை சில்லறை, யாரும் கவனிப்பதில்லை. நான்கு டயரும் புதிது. பிரேக் ஹோஸில் வெடிப்பு இருந்தது, நான்கையும் மாற்றினோம். பெரிய சைலன்சர் ஒன்று போட வேண்டும் என்று அவன் கேட்டுக்கொண்டிருக்கிறான். இந்த மழைக்காலம் முடியட்டும், அதற்கு முன்னால் அந்தக் காசில் பின்பக்க ஷாக் இரண்டையும் மாற்றுவோம் என்று சொல்லியிருக்கிறேன். சாமான் கொழும்பிலிருந்து வர வேண்டும்.